தெற்குப் பார்த்து வைத்த பெட்டி

போன வெள்ளிக்கிழமை கோயிலால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். முன்பு நான் வேலை செய்த கணினிக் கடையிலிருந்து தொலைபேசி வந்தது.

"அண்ணை, ஒரு மிசின் வந்திருக்கு. ரெண்டு சிஸ்டம் போட்டது. ஒண்டு எழும்புது, மற்றது எழும்பேல்லை. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா அடிக்கட்டோ?"

"அழிக்கிறதைப் பிறகு பாப்பம். கடைசியா ஆர் தொட்டது?"

"ஒருத்தரும் தொடேல்லையாம்."

"பூசைக்கு ஆரும் தொட்டதோ எண்டு கேட்டுப் பாருங்கோ."

மறுபக்கம் சிரிப்புச் சத்தம். "வேலையை விட்டும் உங்கட பகிடி விடேல்லை, அண்ணை."

பகிடிக்கு நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எனக்குத் தந்தது துறைமுகத்துக்குள் நடந்த ஓர் அலுவல். கடைப் பிள்ளைகளும் அதை எழுதித் தரச்சொல்லிப் பல நாளாகக் கேட்கிறார்கள். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. அம்மாளாச்சியை நினைத்துக்கொண்டு, தெரிந்தபடி எழுதுகிறேன்.

நான் முதலில் தட்டச்சுப் பொறி திருத்துகிற ஆள். ஊரில் கணினி வரத் தொடங்கியதும் எங்கள் முதலாளி என்னைக் கணினி திருத்துகிற கபூர் நானாவிடம் ஒப்படைத்தார். முதல் வருடம் முழுவதும் ஆணி கழற்றினேன், தூசி துடைத்தேன், ஆணி பூட்டினேன். என் படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

நானா கிண்ணியா ஆள். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. ஆற்றைக் கடத்துகிற மிதவையைப் பாதை என்று சொல்லுவோம். அந்தப் பாதையில் தினமும் வந்து போவார். வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு சீப்பும் ஒரு திருப்புளியும் இருக்கும். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கதிரையில் இருப்பார். தேத்தண்ணி வரும்வரைக்கும் மிசினைத் திரும்பியும் பார்க்க மாட்டார். பிறகு, மருந்து எழுதப்போகிற வைத்தியர் மாதிரி மூன்று கேள்வி கேட்பார்.

"கடைசியா எப்ப நல்லா இருந்திச்சு? அதுக்குப் பொறகு என்ன செஞ்ச? கடைசியா ஆரு தொட்ட?"

மூன்றாவது கேள்விக்கு எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவார்கள்: ஒருத்தரும் தொடவில்லை. நானா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். வெளியே வந்த பிறகு என் காதுக்குள் சொல்லுவார்: "மிசின் எல்லாம் தன்னால பழுதாகுது தம்பி. இந்த ஊருல ஆருக்குமே கை இல்ல."

நான் ஒரு மிசினைத் திறப்பதற்கு முன் அதன் நெற்றியில் கொஞ்சம் திருநீறு பூசுவேன். இப்போதும் அப்படித்தான். நானா ஒருநாளும் அதைத் தடுத்ததில்லை. "மேலால பூசுங்க. உள்ளுக்க ஊதி உட்டுராதீங்க. உள்ளுக்க காத்தாடி இரிக்கி. முருகன் பொறுப்பாரு, காத்தாடி பொறுக்காது" என்று மட்டும் சொல்லுவார்.

ஒரு கணினி எப்படிக் கண் விழிக்கிறது என்பதை அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். சுவிட்சைப் போட்டதும் அது முதலில் பிளொப்பியைப் பார்க்கும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் சீடியைப் பார்க்கும். பிறகுதான் உள்ளே இருக்கிற வன்தட்டுக்குப் போகும். நான் உடனே, "விளங்கீட்டுது நானா. கோயிலுக்குப் போறது போல. வாசலிலை பிள்ளையார், பிறகு வைரவர், பிறகுதான் மூலஸ்தானம்" என்றேன்.

"சரியாச் சொன்னீங்க. ஆனா உங்கட ஆள் பிள்ளையாருக்கிட்டயே நிண்டு உளறினா, மூலஸ்தானத்துக்கு எப்ப போற?"

அடுத்த கிழமையே அப்படி ஒன்று வந்தது. மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடை. மிசின் செத்துவிட்டது என்று கடைக்காரர் கண் கலங்கி நின்றார். மறந்துபோய் உள்ளே விட்டிருந்த ஒரு பிளொப்பியை நானா இழுத்து எடுத்து மேசையில் வைத்தார். மிசின் எழும்பியது. "பிள்ளையாரை வீட்ட அனுப்பிட்டன் தம்பி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போய்விட்டது.

ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம் போடுவது அந்த நாளில்தான் பரவியது. எங்கள் பக்கம் அதற்குக் காரணம் தமிழ். தமிழ்க் கடிதம் அடிக்கிற மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். கணக்குப் பார்க்கிறது புதிய எக்ஸ்பியில்தான் ஓடும். ஆகவே இரண்டையும் போட்டுவிடுவோம். மிசின் எழும்புகிறபோது கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்து எது வேண்டும் என்று கேட்கும். ஒருவரும் பதில் சொல்லாவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்திருந்து மேல்வரியில் உள்ள பழையதைத் தானாகவே திறக்கும்.

அந்த இரண்டு வரியால் துறைமுக வாசலில் ஒருநாள் மாட்டுப்பட்டோம். சண்டை நிற்பதும் தொடங்குவதுமாக இருந்த வருடங்கள். உள்ளே இருந்து திருத்தக் கொண்டுவந்த பெட்டியை வாசல் காவலில் நின்ற சிப்பாய் மறித்தார். உண்மையான கணினிதான் என்றால் போட்டுக் காட்டச் சொன்னார். காவலறையிலிருந்து வயர் இழுத்து, வெயிலில் ஒரு பீப்பாயின் மேல் வைத்துப் போட்டோம். இரண்டு வரி வந்தது. அவர் முகம் மாறியது. ஒரு மிசினுக்குள் ஏன் இரண்டு என்று சிங்களத்தில் கேட்டார். பழையதை விட மனமில்லை, புதியது இல்லாமலும் ஏலாது என்று நானா சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் யோசித்தார். பிறகு சிரித்தபடி ஏதோ சொல்லி, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"என்ன நானா சொன்னவர்?"

"அவர்ட வீட்டிலயும் அப்படித்தானாம். உம்மாவும் பொஞ்சாதியும்."

அதற்குப் பிறகு நானா ஒரு சட்டம் போட்டார். துறைமுக மிசினுக்குத் துறைமுகத்துக்குள்ளேயே வைத்தியம். வெளியே கொண்டுவருவதில்லை.

இனி அந்த அலுவலுக்கு வருகிறேன்.

சித்திரை வருடப்பிறப்பு விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய முதல் நாள். துறைமுகத்துக்குள் சரக்குக் கிட்டங்கி ஒன்றின் அலுவலகத்திலிருந்து அவசரமாக ஆள் வந்தது. அங்கே மனேஜர் தில்லையம்பலம் ஐயா. பக்தியில் நான் அவருக்குக் கிட்டவும் நிற்க முடியாது. அவருடைய மேசைக் கண்ணாடியின் கீழ் இருந்த சுவாமிப் படங்களால் மேசை தெரியாது. நல்ல மனிதர். ஆனால் பயந்த மனிதர்.

வாசலிலேயே எங்களை மறித்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கபூர், இது உங்கட வேலை இல்லைப்போல கிடக்கு. ஒரு கோப்பைக் காணேல்லை. மிசினே அப்பிடிச் சொல்லுது. கடைசியா அதிலை இருந்தது சிவகலா. அவவின்ர பாஸை வாங்கி என்ர மேசை லாச்சிக்குள்ளை வைச்சிருக்கிறன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் பாதுகாப்புக் கந்தோருக்குச் சொல்லவேணும். சொல்லாட்டி நாளைக்கு என்னைக் கேப்பாங்கள்."

சிவகலாவை எனக்குத் தெரியும். ஊர் கிளிவெட்டி. பாலையூற்றில் என் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி, மாமி வீட்டில் தங்கியிருந்து வேலைக்கு வந்தாள். சண்டையால் தகப்பனின் வயல் தரிசாகக் கிடந்தது. தம்பிமார் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் உலை கொதித்தது இவளுடைய சம்பளத்தில். பாஸ் இல்லாமல் துறைமுக வாசலைத் தாண்ட ஏலாது. பாதுகாப்புக் கந்தோர் என்கிற அந்த அலுவலகம் ஒருமுறை பறித்த பாஸ் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பறித்தால் வேலை மட்டுமா போகும்? ஏன் பறித்தார்கள் என்ற கேள்வி அந்தப் பிள்ளை போகிற இடமெல்லாம் பின்னால் போகும்.

அவள் மூலைக் கதிரையில் இருந்தாள். வழமையாக வாய் ஓயாத பிள்ளை. நானாவைக் கண்டதும் எழும்பினாள்.

"நானா, நான் ஒண்டும் செய்யேல்லை. உங்களுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிருக்கும். எல்லாரும் இதைத்தானே சொல்லுறவை."

"எல்லாரும் சொல்ற புள்ள. ஆனா நூறில ஒராள் உண்மையாச் சொல்ற. இரிங்க, தேத்தண்ணி வரட்டும்."

அன்றைக்கும் தேத்தண்ணி வந்த பிறகுதான் மூன்று கேள்வியும் வந்தன. விடுமுறைக்கு முதல் நாள் பின்னேரம்வரை எக்ஸ்பியில் கணக்கு அடித்ததாகவும், ஒழுங்காக மூடிவிட்டுக் கிளிவெட்டிக்குப் போனதாகவும் சிவகலா சொன்னாள். இன்றைக்குக் காலையில் போட்டபோது எக்ஸ்பி வரவில்லை. இடையில் யார் தொட்டது?

"ஒருத்தரும் தொடேல்லை" என்றார் மனேஜர் ஐயா. "கதவுத் திறப்பு என்னட்டைத்தான் இருந்தது."

நானா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

மிசினைப் போட்டோம். இரண்டு வரியும் வந்தன. எக்ஸ்பியைத் தெரிவுசெய்தால் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி: இன்ன கோப்பு காணாமற்போய்விட்டது அல்லது பழுதாகிவிட்டது, ஆகவே தொடங்க முடியாது. காணாமற்போனது என்ற சொல்லை எங்கள் ஊரில் அந்த நாளில் யாரும் லேசாக வாசிக்க மாட்டார்கள். ஐயா பயந்ததில் நான் குற்றம் காணவில்லை. கொழும்பில் ஒரு கணினிக்காரரிடம் தொலைபேசியில் கேட்டாராம். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்றாராம் அவர். அப்படிச் செய்திருந்தால் கணக்கும் போயிருக்கும். அந்தப் பிள்ளை அழிக்கவில்லை என்று காட்ட ஒரு வழியும் மிஞ்சியிருக்காது.

நானா அவசரப்படவில்லை. பழைய விண்டோஸைத் தெரிவுசெய்தார். அது சுகமாக எழும்பியது.

"அப்ப மிசின் நல்லம். மொதல் தட்டு நல்லம்" என்றார். அந்தப் பெட்டிக்குள் இரண்டு வன்தட்டு. பழையது முதலாவதில், எக்ஸ்பி இரண்டாவதில். "இதுக்குள்ள இருந்து ரெண்டாவதைத் தேடிப் பிரயோசனமில்ல தம்பி. பழசுக்குப் புதுசுட வீடு எப்பவும் கண்ணுக்குத் தெரியா. அது எழுதியிருக்கிற விதம் வேற."

மிசினை நிறுத்தித் திரும்பப் போட்டார். திரை வெளிக்கும் முன்னே டிலீற் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தார். நீலத் திரை வந்தது. எந்த இயங்குதளமும் எழும்புவதற்கு முன், தன்னோடு என்னென்ன பூட்டியிருக்கிறது என்று மிசின் தானே சொல்லுகிற இடம் அது. முதலாவது வன்தட்டின் பெயர் இருந்தது. இரண்டாவது தட்டு இருக்கவேண்டிய வரியில் 'இல்லை' என்று இருந்தது.

நானா கதிரையில் சாய்ந்தார்.

"கோப்பு காணாமப் போகல்ல ஐயா. கோப்பு இருந்த வீட்டையே காணல்ல. மிசின் கதவைத் தட்டிப் பாத்திருக்கி. ஆரும் தொறக்கல்ல. அதுக்கு அந்த ஒரு சொல்லுத்தான் தெரியும்."

அந்த நேரம் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. நானா மிசினை நிறுத்தினார், வயரையும் சுவரிலிருந்து கழற்றினார். "தொழுதிட்டு வாறன். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் மனேஜர் ஐயாவின் பயம் இன்னொரு பக்கம் திரும்பியது.

"வீடு காணாமப் போச்செண்டா, அதை ஆரோ கழட்டினதெண்டுதானே அர்த்தம்? இது கோப்பு அழிச்சதை விடப் பெரிய விசயமெல்லோ?"

"ஐயா, நான் ஆணியே கழட்டத் தெரியாதவள்" என்றாள் சிவகலா.

ஐயாவின் கை தொலைபேசியில் இருந்தது. நான் பெட்டிக்குக் காவல் நின்றேன். நிற்கும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது.

பெட்டி தெற்குப் பார்த்து இருந்தது.

எங்கள் ஆட்கள் தெற்குப் பார்த்து ஒன்றும் வைக்க மாட்டார்கள். எமன் திசை. வடக்குப் பார்த்து இருந்த அந்தப் பெட்டிக்குப் பலமுறை நானே தூசி தட்டியிருக்கிறேன். மேசையில் அது முன்பு இருந்த இடம் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. பெட்டியின் நெற்றியில் காய்ந்த சந்தனப் பொட்டு. அது நான் வைத்ததல்ல.

மெதுவாகக் கேட்டேன். "ஐயா, வருசத்துக்கு நல்ல நேரம் பாத்துக் கைவேலை தொடங்கினியளோ?"

அவருடைய முகம் அன்றைக்கு முதன்முறையாக வெளித்தது. கை தொலைபேசியை விட்டது.

"தொடங்காமல்? எங்கட பஞ்சாங்க நேரத்துக்கு வந்து, பெட்டியைக் கிழக்கை திருப்பி வைச்சுத் தொடங்கினனான். பிறகு பேப்பரிலை சிங்கள வருசத்துக்கு அரசாங்க நேரமும் போட்டிருந்தாங்கள். வேலை தொடங்கத் தெற்கு எண்டு. கந்தோர் எண்டா ரெண்டு பக்கத்தையும் பாக்கவேணுமெல்லோ? அந்த நேரத்துக்குத் திரும்பவும் வந்து தெற்கை திருப்பினனான். கற்பூரம் காட்டி, சுவிட்சைப் போட்டிட்டுக் கையைக் கூப்பிக்கொண்டு நிண்டன். என்னவோ ரெண்டு வரி வந்தது. நான் ஒண்டையும் தொடேல்லை. தன்பாட்டிலை திறந்துது! அம்மாளின்ர அருள் எண்டு நினைச்சன். பிள்ளையார் சுழி ஒண்டு அடிச்சிட்டு மூடினனான்."

சிவகலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தன்பாட்டில் திறந்தது மேல்வரியில் இருந்த பழைய விண்டோஸ். எனக்கும் அந்த நாளில் சுபநேரம் பார்த்துத் திருப்புளியைக் கையில் எடுக்கிற பழக்கம் உண்டு. எந்த வாயால் நான் பகிடி பண்ணுவது? அதோடு இன்னொரு பயமும் இருந்தது. பயந்த மனிதரை நாலு பேருக்கு முன்னால் குற்றவாளி ஆக்கினால், தன்னைக் காப்பாற்ற அவர் அந்தத் தொலைபேசியை எடுத்தேவிடுவார். அம்மாளாச்சி, நானாவைக் கெதியாக அனுப்பு என்று கும்பிட்டேன்.

நானா வந்தார். முதலில் கையைப் பெட்டியின் இரும்பில் வைத்து எடுத்தார். உடம்பில் உள்ள மின்னை இறக்காமல் அவர் ஒன்றையும் தொடுவதில்லை. வெக்கைக்காக அந்தப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, மின்விசிறியைப் பார்க்க வைத்திருந்தார்கள். உள்ளே குனிந்து பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார்.

இரண்டாவது தட்டுக்குப் போகிற பட்டையான நாடா வயர் வெளியே வளைந்து தொங்கியது. அதன் சொருகி ஒரு பக்கம் பாதி கழன்றிருந்தது. பெட்டிக்கு ஒட்டினாற்போல் அலுமாரி. நாடாவின் ஓரத்தில் அலுமாரிக் கைபிடி கீறிய அடையாளம்.

நானா சொருகியைப் பிடித்து, இரண்டு பெருவிரலாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவாக அழுத்தினார். சாய்த்து அழுத்தினால் ஊசி வளையும். அதை அவர் எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். மின்சாரம் கொடுத்தோம். நீலத் திரையில் இரண்டாவது வரியிலும் பெயர் வந்தது. நான் அதற்குள் கும்பிடத் தொடங்கிவிட்டேன். கறுப்புத் திரை, இரண்டு வரி, எக்ஸ்பி. கீழே அந்தச் சின்னப் பட்டை ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

திறந்தது. சிவகலா போட்டு வைத்திருந்த ரோசாப்பூப் படம் திரை நிறைய வந்தது. கணக்கு எல்லாம் வைத்தபடி இருந்தது.

"வயர் கழண்டிருக்கி, அவ்வளவுதான்" என்றார் நானா. "எந்தப் புள்ளயும் எதையும் அழிக்கல்ல." பிறகு, அறைக்குள் நடந்த கதை தெரியாமல், வழமையான கேள்வியைக் கேட்டார். "ஆனா நாடா தன்னால கழலாதே. ஆரு இந்தப் பெட்டியைத் திருப்பின?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். சிவகலா தன் செருப்பைப் பார்த்தாள்.

மனேஜர் ஐயா அலுமாரிக் கைபிடியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். சந்தனப் பொட்டைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நாங்களும் மூடிக்கொண்டு போயிருப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை.

"நான்தான் கபூர். ரெண்டு தரம் திருப்பினனான். நீங்கள் ஆர் தொட்டது எண்டு கேக்கேக்கை எனக்கு ஞாபகம் வரேல்லை. அது வேலைக்குத் தொட்டதில்லையே, நல்லதுக்குத் தொட்டது."

நானா சிரிக்கவில்லை. "நல்லதுக்குத் தொடக்குள்ள வயரையும் சேத்துத் திருப்புங்க ஐயா" என்று மட்டும் சொல்லித் திருப்புளியைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஐயா மேசைக்குப் போனார். லாச்சியைத் திறந்தார். பாஸை எடுத்தார். கூடவே, வருடப்பிறப்புக்கு வைத்திருந்து வாடிப்போன வெற்றிலையில் ஒன்றையும் எடுத்தார். அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்தார். வருடம் பிறந்தால் பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கொடுக்கிற கைவிசேடம். விடுமுறைக்கு ஊருக்குப் போனதால் அவளுக்குக் கிடைக்காமல் போனது. அவர் பாஸையும் வெற்றிலைக்குக் கீழே சேர்த்துப் பிடித்தார்.

"பிள்ளை சிவகலா, இங்கை வாரும். உமக்கு வருசத்துக்கு ஒண்டும் தரேல்லை."

மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் சொல்லப்படவில்லை. அந்த வெற்றிலையை விடப் பெரிதாக ஒன்றைக் கேட்க அவளுக்கும் ஆசை இல்லை. எழும்பி வந்தாள். கண்ணைத் துடைத்தாள். கையை நீட்டப் போனவள் நின்றாள்.

"ஐயா, இதை எந்தத் திசை பாத்து வாங்கவேணும்?"

முதலில் சிரித்தது மனேஜர் ஐயாதான். "நீர் விரும்பின பக்கம் நில்லும் பிள்ளை. இனி நான் ஒண்டையும் திருப்பமாட்டன்."

சொன்ன சொல்லை அவர் முக்கால்வாசி காப்பாற்றினார். அடுத்த சித்திரைக்கும் இரண்டு நேரமும் பார்த்துத் தொடங்கினாராம். பெட்டி அசையவில்லை. தன் கதிரையைத்தான் இழுத்துத் திருப்பியிருக்கிறார். கதிரையின் கால் ஒன்று கழன்றுவிட்டது. இதைச் சிவகலா எங்கள் வீட்டு வாசல் படலையில் நின்று, துறைமுகப் பாஸ் கழுத்தில் தொங்க, சிரிக்க ஏலாமல் சிரித்துச் சொன்னாள். அந்தமுறை அவர்கள் தச்சனைத்தான் கூப்பிட்டார்கள்.